ஆட்டோ அசால்ட்: விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2006 ஏப்ரலில் வெளிவந்து 2007 ஆகஸ்டில் மூடப்பட்ட ஆன்லைன் கேம் இது. இதைப் பற்றிக் கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. அந்தக் காலத்தில் ஆடிவிட்டு, ‘இவ்வளவு நல்ல கேமை ஏன் கொன்றார்கள்’ என்று இன்னும் பொருமுகிறவர்கள் ஒரு வகை. பெயரை எங்கோ பார்த்துவிட்டு, ‘அவ்வளவு மோசமாகவா இருந்தது’ என்று கேட்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்கள்.

ஆட்டோ அசால்ட் என்ன மாதிரி கேம்?

இதில் கார்தான் கதாநாயகன். வழக்கமான ஆன்லைன் ரோல் பிளேயிங் கேமில் வாளும் கேடயமும் ஏந்திய ஓர் ஆளை வளர்ப்போம். இதில் துப்பாக்கி பொருத்திய வண்டியை வளர்க்க வேண்டும். முன்பக்கம் ஓர் ஆயுதம், கூரைமேல் சுழலும் பீரங்கி, துரத்தி வருகிறவனைக் கவனித்துக்கொள்ளப் பின்பக்கம் இன்னொன்று. லெவல் ஏற ஏற வண்டியும் மாறும், ஆயுதமும் மாறும், கவசமும் மாறும். ஏராளமானோர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும் எம்எம்ஓ வகையைச் சேர்ந்தது. சேர்ந்து போகும் குழுவுக்குக்கூடக் கான்வாய் என்றுதான் பெயர்.

உருவாக்கியது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருந்த நெட்டெவில். அதற்கு முன்பு 2001-இல் ஜம்ப்கேட் என்ற விண்வெளி எம்எம்ஓவைச் செய்தவர்கள். வெளியிட்டது தென்கொரியாவின் என்சிசாஃப்ட். லீனியேஜ், சிட்டி ஆஃப் ஹீரோஸ், கில்ட் வார்ஸ் எல்லாம் இவர்கள் வெளியிட்டவைதான்.

கதை என்ன?

உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை. வேற்றுலகிலிருந்து வந்த மாசு பூமியைக் கெடுக்கிறது. அதில் உருமாறியவர்கள் மியூட்டன்ட்கள். அவர்களோடு சண்டை போட மனிதர்கள் உருவாக்கிய பாதி மனித, பாதி இயந்திரப் படை பயோமெக்குகள். மனிதர்களோ நிலத்துக்கடியில் போய் ஒளிந்துகொண்டு, பல காலம் கழித்து மேலே வருகிறார்கள். இந்த மூன்று தரப்பில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் எடுத்து ஆட நான்கு வகைப் பாத்திரங்கள். கதைக்காக யாரும் இதை வாங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மொத்தத்தில் என்ன மதிப்பெண் கிடைத்தது?

நூற்றுக்கு எழுபதை ஒட்டி. பல விமர்சனங்களைத் திரட்டிச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தின் கணக்கில் 50 முதல் 74 வரை ‘கலவையான அல்லது சராசரி’ என்று ஒரே கூடை. ஆட்டோ அசால்ட் அந்தக் கூடையில்தான் விழுந்தது. 75-ஐத் தொட்டிருந்தால் ‘பொதுவாகச் சாதகம்’ என்ற பச்சைக் கட்டத்துக்குப் போயிருக்கும்.

எழுபது என்றால் பரவாயில்லையே?

பள்ளிக்கூடக் கணக்கில் பரவாயில்லை. கேம் விமர்சனக் கணக்கு வேறு. அங்கே ஐம்பது என்றாலே ‘கிட்டப் போகாதே’ என்று பொருள். அறுபது என்றால் ‘சலுகை விலையில் வந்தால் பார்க்கலாம்’. எழுபது என்றால் ‘இந்த மாதிரி கேம் பிடிக்கும் என்றால் வாங்கு’. வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்வதெல்லாம் எண்பத்தைந்துக்கு மேல்தான்.

ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் கேமுக்கு எழுபது போதும். வாங்குவோம், இருபது மணி நேரம் ஆடுவோம், சில குறைகளைத் திட்டுவோம், அலமாரியில் வைப்போம். செய்தவர்களுக்குக் காசு வந்து சேர்ந்துவிட்டது. ஆட்டோ அசால்ட்டின் பிழைப்பு அப்படியல்ல. பெட்டிக்குத் தனி விலை, அதற்கு மேல் மாதம் சுமார் 15 டாலர் சந்தா. ஆகவே விமர்சனத்தைப் படிப்பவர் மனதில் ஓடிய கேள்வி ‘கேம் நன்றாக இருக்கிறதா’ என்பதல்ல. ‘அடுத்த மாதமும் இதற்குக் காசு கட்டுவேனா’ என்பது. எழுபது மதிப்பெண் வாங்கிய கேமுக்கு முதல் மாதம் கட்டுவார்கள். மூன்றாவது மாதம்?

இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்: விமர்சகர்கள் ஆட்டோ அசால்ட்டை வெறுக்கவில்லை. ஒரு வாரம் ஆட அருமையான கேம் என்றுதான் பெரும்பாலும் சொன்னார்கள். ஓர் எம்எம்ஓவுக்கு அதைவிட மோசமான பாராட்டு கிடையாது.

அப்படி எதைத்தான் பாராட்டினார்கள்?

இடிப்பதை. அதில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே குரல்.

அது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன். பாலைவனம் மாதிரி ஒரு வெளி. தூரத்தில் எதிரிகளின் முகாம்: சுற்றிலும் வேலி, நடுவில் ஒரு காவல் கோபுரம், சில கொட்டகைகள், நடமாடும் ஆட்கள். வேறு எந்த எம்எம்ஓவாக இருந்தாலும் ஓரமாக நின்று ஒருவனை மட்டும் சொடுக்கி இழுத்து, மற்றவர்கள் கவனிக்காதபடி அடித்து முடித்து, அடுத்தவனை இழுப்போம். இங்கே ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தால் போதும். வேலி சிதறும். வழியில் நிற்பவன் பம்பரில் பட்டுப் பறப்பான். கோபுரத்தின் காலில் வண்டி மோத, அது சாய்ந்து பக்கத்துக் கொட்டகைமேல் விழும். பீரங்கி அதுபாட்டுக்கு இடப்பக்கம் சுட்டுக்கொண்டிருக்கும். மறுபக்கம் வெளியே வந்து வண்டியைத் திருப்பிப் பார்த்தால், முகாம் இருந்த இடத்தில் புழுதியும் சிதறிய சாமான்களும் மட்டும் கிடக்கும்.

இது அலுக்காத சுகம் என்று எழுதியவர்களும் உண்டு, பத்து மணி நேரத்தில் அலுத்துவிட்டது என்று எழுதியவர்களும் உண்டு. சுகமே இல்லை என்று எழுதியவரை நான் பார்த்ததில்லை.

இடிந்து விழுவது அப்போது அவ்வளவு புதுமையா?

தனியாக ஆடும் கேம்களில் புதிதல்ல. ஆட்டோ அசால்ட் பயன்படுத்தியது ஹேவக் என்ற இயற்பியல் எஞ்சின், அதாவது பொருள்கள் விழுவதையும் மோதுவதையும் கணக்குப் போட்டுக் காட்டும் மென்பொருள். அதே ஹேவக்கை அடிப்படையாக வைத்துத்தான் 2004-இல் வந்த ஹாஃப் லைஃப் 2-இல் பீப்பாய்கள் உருண்டன, பலகைகள் மிதந்தன.

எம்எம்ஓவில் அது வேறு தலைவலி. உங்கள் கணினியில் கோபுரம் இடப்பக்கம் சாய்ந்து, பக்கத்தில் நிற்பவர் கணினியில் வலப்பக்கம் சாய்ந்தால் கதை கந்தல். எது எங்கே கிடக்கிறது, எந்தச் சுவர் இன்னும் நிற்கிறது என்பதை எல்லோருக்கும் ஒரே மாதிரி காட்டியாக வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்து எம்எம்ஓ உலகங்களில் ஒரு மரத்தைக்கூட அசைக்க முடியாது. எல்லாம் ஓவியத் திரைபோல நிற்கும். அந்தத் திரையைக் கிழித்துக்கொண்டு ஒரு கேம் வந்தது என்பதில் விமர்சகர்களுக்கு உண்மையிலேயே உற்சாகம். ஒரு சின்னச் சங்கடமும் இருந்தது: இடித்தது கொஞ்ச நேரத்தில் மறுபடி முளைத்துவிடும். முளைக்காமல் இருந்தால் அடுத்து வருகிறவருக்கு இடிக்க ஒன்றும் மிஞ்சாதே.

சரி, எங்கே சறுக்கியது?

வண்டி நின்ற இடத்திலெல்லாம்.

பணிகள் பழைய பாணி. அங்கே போய்ப் பத்துப் பேரைக் கொல், இங்கே வந்து எட்டுப் பொருளைப் பொறுக்கு, திரும்பி வந்து சொல். வண்டியில் போவதால் சீக்கிரம் முடியும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். இதில் இன்னொரு சிக்கல். நடந்து போகும் கேமில் ஒரு பணிக்கும் அடுத்ததற்கும் நடுவே பாதை என்று ஒன்று உண்டு. போகிற வழியில் எதையாவது வேடிக்கை பார்ப்போம், யாரையாவது சந்திப்போம். இங்கே அந்தப் பாதையை முப்பது நொடியில் கடந்துவிடுவோம். எனவே ‘போ, கொல், வா’ என்ற எலும்புக்கூடு சதையில்லாமல் வெளியே தெரிந்துவிட்டது.

ஊருக்குள் இறங்கி நடக்க வேண்டியிருந்ததை ஏன் எல்லோரும் திட்டினார்கள்?

கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் இந்தக் கேமின் நோய் முழுவதும் இந்த ஓரிடத்தில் தெரியும் என்பேன்.

வெளியே நீங்கள் நான்கு டன் இரும்பு. ஊர் எல்லையை அடைந்ததும் திரை மாறும். கொஞ்ச நேரம் காத்திருப்பு. பிறகு நீங்கள் ஒரு சாதாரண ஆள். இரண்டு கால். வண்டியைக் காணோம். கடைக்காரர் எங்கே நிற்கிறார் என்று தேடி ஓட வேண்டும், பணி கொடுப்பவர் இன்னொரு மூலையில், பழுது பார்ப்பவர் வேறெங்கோ. அந்த ஆள் சண்டை போட மாட்டார். கேமின் தலைப்பில் இருக்கும் ஒன்றையும் அவர் செய்ய மாட்டார். ஓடுவார், சொடுக்குவார், மறுபடி ஓடுவார்.

ஏன் வைத்தார்கள் என்று ஊகிக்க முடிகிறது. எம்எம்ஓ என்றால் முகம் வேண்டும், உடை வேண்டும், நாலு பேர் கூடிப் பேச ஒரு சதுக்கம் வேண்டும். நியாயமான எண்ணம்தான். ஆனால் சதுக்கத்தில் கூடுவதற்கு ஆள் வேண்டுமே. பல விமர்சகர்கள் போன நேரத்தில் அங்கே ஈ காக்கை இல்லை. ஆகக் கேமிலேயே மந்தமான பகுதியும், ‘இதில் யாருமே ஆடவில்லை’ என்ற உண்மை பளிச்சென்று தெரியும் பகுதியும் ஒன்றாகிவிட்டது.

சண்டையில் நம் திறமைக்கு மதிப்பு இருந்ததா, இல்லை எல்லாம் எண்ணிக்கை விளையாட்டா?

இரண்டும் கலந்தது. விமர்சகர்கள் பிரிந்து நின்றதும் இங்கேதான். ஓட்டுவது உங்கள் கை. ஆயுதத்துக்கு ஒரு வளைவு உண்டு. எதிரியை அந்த வளைவுக்குள் வைத்திருக்க ஓட்டத் தெரிய வேண்டும். சுட்ட குண்டு படுகிறதா, எவ்வளவு சேதம் என்பதைப் பின்னால் உருளும் பகடை முடிவு செய்யும். லெவல் குறைந்த வண்டி எவ்வளவு அழகாகச் சுற்றி வந்தாலும், லெவல் கூடிய எதிரியிடம் பாச்சா பலிக்காது.

கார் பந்தய கேம் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஸ்டியரிங் பிடிப்பு போதவில்லை; வண்டிகள் தரையில் ஒட்டாமல் மிதக்கிற மாதிரி இருந்தது. ரோல் பிளேயிங் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு எல்லாமே கண்மண் தெரியாத வேகம். எந்தத் திறனை எப்போது அழுத்துவது என்று யோசிக்கக்கூட நேரமில்லை. நடுவில் நின்ற சிலருக்கு மட்டும் இது கச்சிதமாக வாய்த்தது. நான் அந்த நடுக் கூட்டத்தின் பக்கம் சாய்கிறவன். அதனால் இந்தப் பதிலைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள்.

டயாப்லோவோடு ஏன் ஒப்பிட்டார்கள்?

கூட்டமாக வரும் எதிரிகள், அவர்கள் செத்ததும் தரையெங்கும் கொட்டும் சாமான்கள், அவற்றை அள்ளிக்கொண்டு போய் எது நல்லது என்று பார்ப்பது. இந்தச் சுழற்சி அப்படியே டயாப்லோ என்ற ரோல் பிளேயிங் கேமின் பாணி. சக்கரம் வைத்த டயாப்லோ என்று சொன்னால் ஆட்டோ அசால்ட்டை ஆடாதவருக்கும் பாதி புரிந்துவிடும். பாராட்டாகத்தான் சொன்னார்கள். ஆனால் டயாப்லோவுக்கு மாதச் சந்தா கிடையாது என்பதையும் அந்த ஒப்பீடே நினைவூட்டிவிட்டது.

பொருள் தயாரிக்கும் முறை எப்படி?

ஆழமானது, குழப்பமானது. கிடைத்த சாமானைப் பிரித்து, செய்முறை கற்று, மூலப்பொருளைச் சுத்திகரித்து, புதியதைச் செய்து பார்க்கலாம். விளங்கிக்கொண்டவர்கள் கொண்டாடினார்கள். விமர்சகர்களில் பலர் விளங்கிக்கொள்ளும் அளவுக்கு அதில் உட்காரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேமே அதை ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆடுகளத்தில் ஆட்டக்காரர்களே ஒருவரை ஒருவர் மோதிக்கொள்ளும் பகுதி?

கிரவுண்ட் ஜீரோ என்ற பொதுப் போர்க்களம் இருந்தது. மூன்று தரப்பும் அங்கே மோதலாம். காகிதத்தில் இதுதான் கேமின் உச்சம். நடைமுறையில் மூன்று தரப்பிலும் போதிய ஆள் ஒரே நேரத்தில் இருந்தால்தான் அது உச்சம்.

ஆள் இல்லாததைக் கேமின் குறையாக எழுதுவது நியாயமா? அது நிறுவனத்தின் கைமீறிய விஷயம் இல்லையா?

இதைப் பற்றி ரொம்பவே யோசித்திருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றி எழுதச் சொன்னால் பந்தியில் கூட்டமில்லை என்று எழுதுவது போலத்தான் முதலில் தோன்றும். ஆனால் எம்எம்ஓவில் மற்ற ஆட்டக்காரர்களும் சாப்பாட்டில் ஒரு பங்கு. குழுவாகச் செய்ய வேண்டிய பணிக்கு ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் பணி கேமில் இருந்தும் இல்லாததுதான். செய்த பொருளை வாங்க ஆள் இல்லாவிட்டால் தயாரிப்பு முறையும் வீண். ஆகவே விமர்சகர் அதை எழுதாமல் விட்டால் வாசகரை ஏமாற்றியதாகும்.

வம்பு என்னவென்றால், எழுதினாலும் ஆபத்து. ‘சர்வர் காலியாக இருக்கிறது’ என்று படித்தவர் வாங்க மாட்டார். வாங்காததால் சர்வர் இன்னும் காலியாகும். தனியாக ஆடும் கேமைப் பற்றிய தப்பான விமர்சனம் கேமை மாற்றாது. எம்எம்ஓவைப் பற்றிய சரியான விமர்சனமோ எம்எம்ஓவையே மாற்றிவிடும். 2006 கோடையில் ஆட்டோ அசால்ட்டுக்கு நடந்தது ஏறக்குறைய இதுதான் என்பது என் கணிப்பு.

விமர்சகர்கள் உண்மையில் எவ்வளவு நேரம் ஆடிவிட்டு எழுதுகிறார்கள்?

எம்எம்ஓ விஷயத்தில் போதாத நேரம்தான், எப்போதுமே. நூற்றுக்கணக்கான மணி நேரம் போகும் கேமை ஒன்றிரண்டு வாரத்தில் எடைபோட வேண்டும். அதனால் தொடக்க லெவல்கள்தான் பெரும்பாலும் விமர்சனத்தில் வரும்.

இதில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது, வேறொரு கேமை வைத்து. 2009-இல் டார்க்ஃபால் என்ற எம்எம்ஓவுக்கு யூரோகேமர் இதழ் பத்துக்கு இரண்டு கொடுத்தது. கேமைச் செய்த நிறுவனம் சர்வர் பதிவுகளைக் காட்டி, ‘எழுதியவர் உள்ளே இருந்ததே சுமார் இரண்டு மணி நேரம்தான்’ என்றது. எழுதியவர் அதை மறுத்தார். கடைசியில் இதழ் இன்னொருவரை ஆட வைத்து மறு விமர்சனம் போட்டது. அவர் கொடுத்தது நான்கு. அவ்வளவு ரகளைக்குப் பிறகும் நான்குதான்! ஆனாலும் அதன் பிறகு எம்எம்ஓ விமர்சனம் என்றாலே எத்தனை மணி நேரம் ஆடினீர்கள் என்று வாசகர்கள் கேட்பது வழக்கமாகிவிட்டது.

ஆட்டோ அசால்ட்டுக்கு இந்த அவசரம் பாதகமா, சாதகமா? சாதகம் என்றே நினைக்கிறேன். இதன் ருசி முழுவதும் முதல் பத்து மணி நேரத்தில்தான். விமர்சகர்கள் நூறு மணி நேரம் ஆடியிருந்தால் மதிப்பெண் இறங்கியிருக்குமே ஒழிய ஏறியிருக்காது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டோடு ஒப்பிட்டே கொன்றுவிட்டார்கள் என்கிறார்களே?

ஒப்பிட்டார்கள். ஒப்பிடாமல் எப்படி இருப்பார்கள்? ஆட்டோ அசால்ட் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, 2006 மார்ச்சில், வார்கிராஃப்ட் என்ற அந்த எம்எம்ஓவின் சந்தாதாரர்கள் 60 லட்சத்தைத் தாண்டிவிட்டதாக அதைச் செய்த பிலிஸார்ட் அறிவித்திருந்தது. விமர்சனம் படிப்பவரில் பலர் ஏற்கெனவே அதற்கு மாதா மாதம் கட்டிக்கொண்டிருப்பவர்கள். அவர்களிடம் இன்னொரு சந்தா கேட்கிறீர்கள். ‘அதை விட்டுவிட்டு இதற்கு வரலாமா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத விமர்சனத்தால் யாருக்குப் பிரயோசனம்?

வருத்தம் எனக்கு வேறு இடத்தில். வார்கிராஃப்ட் மாதிரி இல்லை என்பதற்காக விமர்சகர்கள் இதைக் கொண்டாடினார்கள். வார்கிராஃப்டில் இருப்பவை இதில் சரியாக இல்லை என்று புள்ளியும் குறைத்தார்கள். இரண்டும் ஒரே கட்டுரையில், சில சமயம் அடுத்தடுத்த பத்தியில். ஆனால் அந்தப் போட்டியைத் தேடிப் போனது நெட்டெவில்தானே. லெவல், பணி, தயாரிப்பு, ஊர்ச் சதுக்கம் என்று வழக்கமான சாமான்கள் எல்லாவற்றையும் கடை பரப்பிவிட்டு, ‘எங்களை அந்த அளவுகோலால் அளக்காதீர்கள்’ என்று சொல்ல முடியாது.

ஆட்டக்காரர்களின் கருத்து விமர்சகர்களோடு ஒத்துப்போனதா?

தங்கியவர்கள் ஒத்துப்போகவில்லை, போனவர்கள் ஒத்துப்போனார்கள். கிளிஷே மாதிரி இருந்தாலும் அப்படித்தான். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஆட்டக்காரர் விமர்சனம் எழுதும் வசதி வந்ததே 2013 கடைசியில். 2006-இல் ஆட்டக்காரர் குரல் என்றால் பெரும்பாலும் இணைய மன்றங்கள்தான். மன்றத்தில் கடைசிவரை எழுதிக்கொண்டிருப்பவர் யார்? கேமை நேசிப்பவர். இரண்டாவது மாதம் சந்தாவை நிறுத்தியவர் சொல்லிவிட்டா போகிறார்? அதனால் பழைய மன்றப் பதிவுகளை வைத்துக்கொண்டு ‘மக்கள் கொண்டாடினார்கள், பத்திரிகைகள் கவிழ்த்தன’ என்று முடிவு கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

விமர்சனங்கள்தான் கேமை மூடினவா?

இல்லை. 2007 ஆகஸ்ட் 31-ஆம் தேதி சர்வர்களை நிறுத்தியது என்சிசாஃப்ட். வெளிவந்து பதினாறு மாதம் சொச்சம். காரணம் கணக்குப் புத்தகம். அதே நிறுவனத்தின் சிட்டி ஆஃப் ஹீரோஸுக்கு மிக நல்ல விமர்சனங்கள், உயிரை விடும் ரசிகர்கள். அதையும் 2012 நவம்பரில் மூடினார்கள். நல்ல விமர்சனம் காப்பாற்றும் என்றால் அது பிழைத்திருக்க வேண்டும்.

மதிப்பெண்ணுக்குச் சக்தியே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2010-இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் மெட்டாகிரிட்டிக்கில் 85 எடுத்தால் அதைச் செய்த ஆப்சிடியனுக்கு ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்தது. கிடைத்தது 84. ஒரு புள்ளியில் காசு போனது. ஆட்டோ அசால்ட்டுக்கு அப்படிப் பளிச்சென்று காட்ட ஒரு தருணம் இல்லை. கடையில் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து, யோசித்து, திரும்ப வைத்தவர்கள்தான் அதை முடித்து வைத்தவர்கள்.

இலவசமாக விட்டிருந்தால் பிழைத்திருக்குமா?

இங்கே ஒரு நல்ல ஒப்பீடு இருக்கிறது. ஆட்டோ அசால்ட்டுக்குச் சில வாரம் முன்பு, 2006 பிப்ரவரி கடைசியில், டர்பைன் நிறுவனத்தின் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன் வந்தது. அதற்கும் கலவையான வரவேற்புதான், அதற்கும் மாதச் சந்தாதான், அதிலும் ‘நன்றாக இருக்கிறது, ஆனால் மாதா மாதம் கட்டும் அளவுக்கு இல்லை’ என்ற அதே முணுமுணுப்புதான். 2009-இல் அதை இலவசமாக்கி, வேண்டியதை வேண்டியபோது வாங்கிக்கொள்ளும் முறைக்கு மாற்றினார்கள். கேம் எழுந்து உட்கார்ந்தது. பல வருடம் ஓடியது.

ஆட்டோ அசால்ட் அந்த 2009 வரைகூட உயிரோடு இல்லை. வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் இடித்துத் தள்ளிவிட்டுப் போக இலவசமாகக் கிடைத்திருந்தால், விமர்சகர்கள் சொன்ன நிறை அப்படியே நிறையாகவும், சொன்ன குறையில் பாதி குறையே இல்லாமலும் போயிருக்கும். இத்தனைக்கும் சந்தா இல்லாத கில்ட் வார்ஸை 2005-லேயே வெளியிட்டவர்கள் இதே என்சிசாஃப்ட். வழி தெரியாமல் இல்லை.

இதே வகையில் பிறகு வந்தவற்றுக்கு எப்படி வரவேற்பு?

கவனிக்க வேண்டியது கிராஸ்அவுட். டார்கெம் கேம்ஸ் செய்து, கைஜின் வெளியிட்டு, 2017-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதே அழிந்த உலகம், அதே ஆயுத வண்டிகள், ஆனால் ஆடக் காசு வேண்டாம். வண்டியைத் துண்டு துண்டாக நீங்களே பூட்டலாம். எதிராளி வண்டியின் பீரங்கியை மட்டும் குறிபார்த்துச் சுட்டுப் பெயர்த்துவிட்டால் அவர் வெறும் கூட்டோடு ஓடித் திரிய வேண்டியதுதான். நடந்து திரிய ஊர் கிடையாது. பட்டறையிலிருந்து நேரே ஆடுகளம். ஆட்டோ அசால்ட் வாங்கிய திட்டுகளை யாரோ உட்கார்ந்து படித்துவிட்டுச் செய்த மாதிரி இருக்கும்.

அதற்குக் கிடைத்த திட்டு வேறு. நல்ல உதிரிப்பாகம் கிடைக்க நாள் கணக்கில் ஆடித் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் காசை இறக்க வேண்டும் என்பது. வண்டி கட்டும் சுகத்தை ஒரு வாயால் புகழ்ந்து, காசு பிடுங்குவதை மறு வாயால் ஏசினார்கள்.

நெட்டெவில் என்ன ஆனது?

2010 அக்டோபரில் லெகோ யுனிவர்ஸ் என்ற சிறுவர்களுக்கான எம்எம்ஓவை வெளியிட்டார்கள். அதுவும் 2012 ஜனவரியில் மூடப்பட்டது.

கேமே இல்லாதபோது பழைய விமர்சனங்களைப் படித்து என்ன ஆகப்போகிறது?

கேம் இல்லாததால்தான் படிக்க வேண்டியிருக்கிறது. சர்வரோடு சேர்ந்துதான் இது ஓடும். குறுந்தகடு கையில் இருந்தாலும் உள்ளே நுழைய முடியாது. தனியாக ஆடும் பழைய கேம் என்றால், விமர்சகர் சொன்னது சரியா என்று இன்றைக்கும் ஆடிப் பார்த்துச் சண்டைக்குப் போகலாம். இதில் அதற்கு வழியில்லை. சில காணொளிகள், சில படங்கள், அந்த விமர்சனங்கள், இவ்வளவுதான் மிச்சம்.

படிக்கும்போது மதிப்பெண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். கேமை ஆதரித்து எழுதியவரும் சரி, காலை வாரியவரும் சரி, கட்டுரையின் நடுவில் எங்காவது ஓரிடத்தில் தன்னை மறந்து இரண்டு மூன்று வரி எழுதியிருப்பார். ஒரு பாலத்தின்மேல் ஏறித் தாவியது, ஒரு கட்டடத்தின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது, கூட்டத்துக்குள் பிரேக் போடாமல் போனது, இப்படி ஏதோ ஒன்று. அப்புறம் சுதாரித்துக்கொண்டு, ‘ஆனால் ஊருக்குள்…’ என்று ஆரம்பிப்பார்.